டச் மூவ், காதை மூடிய குல்லா, ஜன்னலில் அப்பா: செஸ் போட்டியில் ஏமாற்றினால் என்ன செய்வது?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். பத்து வயது மகளை மே மாதம் ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்த ஒருநாள் ரேப்பிட் (குறைந்த நேரத்தில் ஆடி முடிக்கும்) செஸ் போட்டிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். நான்காவது ரவுண்டில் எதிரே உட்கார்ந்த பையன் பிஷப்பைத் தூக்கினான். அது வெட்டுப்படும் என்று தெரிந்ததும் 'அட்ஜஸ்ட்' என்று முனகிப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுக் குதிரையை ஆடினான். நடுவில் இரண்டு தடவை பாத்ரூம் போய்வந்தான். தலையில் காதை மூடிய குரங்குக் குல்லா. ஜன்னலுக்கு வெளியே அவனுடைய அப்பா நகராமல் நின்றார். கடைசியில் 'செக்மேட்' என்று சொல்லிக் கையை நீட்டினான், மகளும் கை கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து காய்களை அடுக்கிப் பார்த்தால், ராஜாவுக்கு ஓட ஒரு கட்டம் இருந்திருக்கிறது. இப்போது புகார் கொடுக்க முடியுமா, குல்லாவுக்குள் ஏதாவது கருவி இருந்திருக்குமா, இனி போட்டிக்கே அனுப்பலாமா என்று கேட்கிறார்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ரிசல்ட் இனி மாறாது. இருவரும் கை கொடுத்து, ரிசல்ட் சொல்லி, அடுத்த ரவுண்டில் யாருக்கு யார் எதிரே என்ற பேரிங்கும் ஓடிவிட்டது. பரிசளிப்பு முடிந்து மலையிறங்கிய பிறகு எந்தத் தலைமை நடுவரும் அந்த ஆட்டத்தைத் திரும்பத் திறக்க மாட்டார். சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் நடுவராக நிற்கிறவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் எழுதியதில் அதிகமாகப் பயப்படுவது குல்லாவைப் பார்த்து. உங்கள் மகள் தோற்றதற்கு உண்மையான காரணங்கள் தொட்ட பிஷப்பும் பொய் செக்மேட்டும்தான். அவை இரண்டுக்கும் அங்கேயே, அந்த நிமிடமே பரிகாரம் இருந்தது. குழந்தைகள் போட்டிகளில் நான் பார்க்கும் ஏமாற்றில் பெரும்பகுதி இந்த ரகம்தான். கம்ப்யூட்டர், புளூடூத் எல்லாம் அப்புறம்.

டச் மூவை எடுத்துக்கொள்வோம். விதி எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்: தன் காயை வேண்டுமென்றே தொட்டால் அதைத்தான் ஆட வேண்டும், எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட முடியுமானால் வெட்ட வேண்டும். தெரியாதது 'அட்ஜஸ்ட்' பற்றிய பகுதி. கோணலாக நிற்கும் காயைச் சரிசெய்ய வேண்டுமானால் தொடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும், அதுவும் தன் முறை வரும்போதுதான். தூக்கி, யோசித்து, அப்புறம் சொன்னால் அது அட்ஜஸ்ட் இல்லை, சாக்கு. ஆக, அந்தப் பையன் பிஷப்பைத்தான் ஆடியிருக்க வேண்டும். ஆனால் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளில் இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வரி இருக்கிறது. பெற்றோர், கோச் யாருமே அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. எதிராளி டச் மூவை மீறினான் என்று முறையிடும் உரிமை, நீங்கள் உங்கள் காயை ஆடுவதற்காகத் தொட்ட கணத்தில் போய்விடும். உங்கள் மகள் பதிலுக்குத் தன் காயைத் தொட்டபோதே அந்த விஷயம் சட்டப்படி முடிந்துவிட்டது.

அதனால் பிள்ளைக்கு முதலில் பழக்க வேண்டியது இதுதான். எதிராளி ஏதோ தப்பாகச் செய்தான் என்று பட்டால் கை போர்டுக்குப் போகக் கூடாது. ஆட்ட நேரத்தைக் கணக்கிடும் க்ளாக்குக்குப் போக வேண்டும். நடுவரைக் கூப்பிடுவதற்காகக் க்ளாக்கை நிறுத்த ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு. டிஜிட்டல் க்ளாக்கில் நிறுத்தும் பட்டன் எது என்று வீட்டிலேயே காட்டிக்கொடுங்கள். பெரும்பாலானவற்றில் அது நடுவில் இருக்கும். நிறுத்திவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே கையைத் தூக்கினால் போதும், எழுந்து ஓட வேண்டாம். நடுவர் வந்து 'என்னம்மா?' என்று கேட்டதும் பல பிள்ளைகளுக்கு அழுகைதான் வரும், அல்லது 'ஏமாத்துறான் சார்' என்பார்கள். அந்தச் சொல்லை வைத்து நடுவரால் ஒன்றும் செய்ய முடியாது. 'சார், பிஷப்பைத் தூக்கினான், அதுக்கப்புறம்தான் அட்ஜஸ்ட்னு சொன்னான், திரும்ப வச்சுட்டு, குதிரையை ஆடினான்.' இவ்வளவு போதும். யார், எந்தக் காய், எந்த வரிசையில். சாயங்காலம் வீட்டில் நீங்களே நடுவராக நின்று இதை நாலு முறை சொல்லவைத்துப் பாருங்கள். ஓப்பனிங் மனப்பாடம் செய்வதைவிட இது சீக்கிரம் பலன் தரும்.

பையன் 'நான் தொடவே இல்லை' என்று சாதித்தால்? இது அடிக்கடி நடக்கும். நடுவர் இருவரையும் கேட்பார், பக்கத்துப் போர்டில் யாராவது பார்த்தார்களா என்று அவராக விசாரிக்கலாம். சாட்சி இல்லாமல், இவன் மறுத்தால், பெரும்பாலும் ஆட்டம் அப்படியே தொடரும். உங்கள் மகளுக்கு அது அநியாயமாகத் தெரியும், தெரியட்டும். ஆனாலும் கூப்பிட்டது வீண் இல்லை. அதற்கப்புறம் அந்த நடுவர் அந்த மேஜைப் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பார். இரண்டாவது தடவை கை பிஷப்புக்குப் போய்த் திரும்பினால் சாட்சி தேவையில்லை, அவரே சாட்சி. ஒருமுறை நடுவரைக் கூப்பிட்ட பிள்ளையிடம் எதிராளியின் விரல்கள் ரொம்ப ஒழுங்காக நடந்துகொள்வதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இது பத்து வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் தயக்கம் என்று நினைக்காதீர்கள். 1994இல் ஸ்பெயினின் லினாரெஸில் உலக சாம்பியன் காஸ்பரோவ் ஒரு குதிரையை வைத்து, விரலை எடுத்து, ஆபத்தைப் பார்த்ததும் திரும்ப எடுத்து வேறு கட்டத்தில் வைத்தார். விரல் விட்டதை வீடியோப் பதிவு பிறகு காட்டியது. எதிரே இருந்த யூதித் போல்கருக்கு அப்போது 17 வயது. அவ்வளவு பெரிய போட்டிக்கு முதல்முறை அழைத்திருக்கிறார்கள், வம்பு எதற்கு என்று அந்த இடத்தில் முறையிடவில்லை. ஆட்டத்திலும் தோற்றார். உலகத்தின் தலைசிறந்த பெண் ஆட்டக்காரருக்கே கை தூக்கக் கூச்சம் வந்தது என்றால், உங்கள் மகளை நீங்கள் திட்ட ஒன்றுமில்லை.

அடுத்தது பொய் செக்மேட். மலையிலும் கீழேயும் குழந்தைகள் போட்டிகளில் இதைவிடப் பரவலான தந்திரம் எனக்குத் தெரிந்து இல்லை. எல்லா நேரமும் அது தந்திரமும் இல்லை. பாதிப் பையன்கள் நிஜமாகவே மேட் என்று நம்பித்தான் கையை நீட்டுகிறார்கள். நம்பினாலும் நடித்தாலும் உங்கள் மகளுக்கு விளைவு ஒன்றுதான். கை கொடுத்து, காய்களைக் கலைத்து, இருவரும் போய் 'இவன் வின் சார்' என்று சொன்னால் அது தோல்வியை ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு. காய்கள் கலையாமல் இருந்து அப்போதே நடுவரைக் கூப்பிட்டிருந்தால் பேச இடம் இருந்திருக்கும். எனவே வீட்டுச் சட்டம் ஒன்று போடுங்கள்: எதிராளி மேட் என்றால், கையை மடியில் வைத்துக்கொண்டு ராஜாவைச் சுற்றி இருக்கும் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பிறகு செக் கொடுக்கும் காயை வெட்ட முடியுமா, இடையில் எதையாவது வைத்து மறைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். அப்புறமும் சந்தேகம் இருந்தால் நடுவர். கை கொடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. 'செக்' என்று சத்தமாகச் சொல்வதே விதியில் கட்டாயம் இல்லை. 'செக்மேட்' என்று ஒருவன் கத்தியதற்கு விதியில் எந்த மதிப்பும் கிடையாது. போர்டில் இருப்பதுதான் மேட்.

இதோடு ஒட்டியது ரிசல்ட் சொல்வது. ஜெயித்த பிள்ளை தண்ணீர் குடிக்கப் போய்விடும், தோற்றது போய் 'நான் வின்' என்று சொல்லிவிடும். சில நேரம் போர்டு நம்பர் மாறிப்போகும். மகள் தானே மேஜைக்குப் போய், எழுதுவதைப் பார்த்துவிட்டு வரட்டும். அடுத்த பேரிங் ஒட்டினதும் பாயின்ட் சரியாக ஏறியிருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள். தவறு இருந்தால் அந்த ரவுண்டு ஆரம்பிப்பதற்குள் சொல்ல வேண்டும். தட்டுவடை செட் வாங்கப் போய்த் திரும்பி வருவதற்குள் ரவுண்டு தொடங்கிவிட்டால் பெரும்பாலும் சரிசெய்ய முடியாது.

ரேப்பிட்டில் இன்னொரு பொறி. ஒரு நடுவர் பல போர்டுகளைப் பார்த்துக்கொள்ளும் போட்டியில், விதிப்படி செல்லாத ஒரு நகர்த்தலை எதிராளி செய்து, நடுவரும் கவனிக்காமல், நீங்களும் அடுத்த நகர்த்தலை ஆடிவிட்டால், அது அப்படியே நிலைக்கும். செக்கில் இருந்த ராஜாவை விட்டுவிட்டு அவன் வேறு காயை ஆடியிருந்தாலும் அதே கதைதான். உடனே சொன்னால் முதல் தடவைக்கு உங்களுக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், அதே ஆள் இரண்டாவது முறை செய்தால் தோல்வி. ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் குறித்து ஸ்கோர் ஷீட் எழுதும் நீண்ட ஆட்டங்களில் பின்னோக்கிப் போய்த் திருத்த வழி இருக்கிறது. ரேப்பிட்டில் எழுதுவது கட்டாயம் இல்லாததால் ஆதாரமே மிஞ்சாது.

தொந்தரவு செய்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த போட்டியில் வரும், சொல்லிவைக்கிறேன். பள்ளிக்கூட பெஞ்சில் எதிரெதிரே உட்காரும்போது காலை ஆட்டி மேஜையை நடுங்கவைப்பது, வெட்டிய சிப்பாயை மேஜையில் தட்டிக்கொண்டே இருப்பது, மூன்று நகர்த்தலுக்கு ஒருமுறை 'டிராவா?' என்பது, க்ளாக்கை ஓங்கி அடிப்பது, எதிராளியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று பார்ப்பது. எதிராளியை எந்த விதத்திலும் தொந்தரவு செய்யவோ கவனம் சிதறவைக்கவோ கூடாது என்பது பொதுவிதி. தேவையில்லாமல் திரும்பத் திரும்ப டிரா கேட்பதும் அதில் பெயர் சொல்லியே வருகிறது. டிரா கேட்கும் முறையும் இருக்கிறது: ஆடிவிட்டு, க்ளாக்கை அழுத்துவதற்கு முன்னால் கேட்க வேண்டும். இதெல்லாம் பழைய வியாதி. 1561இல் புத்தகம் எழுதிய ரூய் லோபஸ் என்ற ஸ்பெயின் பாதிரியார், வெயில் எதிராளியின் கண்ணில் அடிக்கும்படி போர்டை வைத்துக்கொள் என்று யோசனை சொன்னவர். உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் 1959 கேண்டிடேட்ஸ் போட்டியில், தால் என்ற ஆட்டக்காரர் முறைத்துப் பார்ப்பதைத் தாங்க முடியாமல் எதிராளி பெங்கோ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். அதற்கும் பலன் இல்லை, தால்தான் ஜெயித்தார்.

கை கொடுக்காமல் போவதையும் சிலர் பெரிய குற்றமாகக் கொண்டுவருகிறார்கள். வேண்டுமென்றே அவமதித்தால் அது குற்றம்தான். 2008இல் நெதர்லாந்தின் வைக் ஆன் சீயில் நடந்த போட்டியில் நைஜல் ஷார்ட்டுக்குக் கை கொடுக்க மறுத்த செபரினோவுக்கு முதலில் ஆட்டமே தோல்வி என்று அறிவித்தார்கள். அப்பீலுக்குப் பிறகு ஆடவைத்தார்கள், அதிலும் ஷார்ட்தான் ஜெயித்தார். ஆனால் தோற்றுப்போய்க் கண்ணில் நீர் முட்ட எழுந்து ஓடும் எட்டு வயதுப் பையனை நடுவரிடம் இழுத்துவர வேண்டாம். அவனுடைய அம்மா பார்த்துக்கொள்வார்.

இப்போது பாத்ரூம். உங்கள் சந்தேகத்துக்கு ஆதாரம் உலக செஸ்ஸில் நிறைய இருக்கிறது. 2015 துபாய் ஓப்பனில் ஜார்ஜியாவின் நிகலிட்சே ஆட்டத்தின் நடுவில் எழுந்து எழுந்து கழிவறைக்குப் போனார். அங்கே டிஷ்யூ பேப்பரில் சுற்றி மறைத்திருந்த போன் சிக்கியது, அதில் அப்போது ஆடிக்கொண்டிருந்த நிலையே ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வருடத் தடை, கிராண்ட்மாஸ்டர் பட்டமும் போனது. 2019இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்கில் ரௌசிஸ் என்ற கிராண்ட்மாஸ்டர் அதே மாதிரி மாட்டிக்கொண்டார், அவருக்கு ஆறு வருடம். துபாய் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. எதிரே ஆடிய ஆர்மீனியாவின் பெட்ரோசியன் நடுவரிடம் போய் 'இவர் ஏமாற்றுக்காரர்' என்று சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் இவர் ஒரே அறைக்குத்தான் போகிறார், பக்கத்தில் வேறு அறைகள் காலியாக இருந்தாலும் அங்கே போவதில்லை என்று சொன்னார். கண்ணால் பார்த்த ஒரு விஷயம். நடுவர் போய்ப் பார்க்க ஒரு இடம் கிடைத்தது.

உங்கள் மகளுக்கு எதிரே ஆடிய பையன் இரண்டு தடவை போனான் என்பது அப்படிப்பட்ட விஷயம் இல்லை. காலையில் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த பிள்ளைகளில் பாதிக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டுதான் இருக்கும். குளிரில் ஒன்றுக்கும் அடிக்கடி வரும். ஆனால் தன் முறை ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவரிடம் கேட்காமல் ஆடும் இடத்தைவிட்டு எழுந்து போனான் என்றால் அது விதிமீறல், சொல்லலாம். ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் உட்கார்வதற்கு முன்பே நகர்த்துகிறான் என்றால் அதையும் சொல்லலாம். கழிவறை வாசலில் ஒரு தன்னார்வலரை நிறுத்துங்கள் என்று போட்டிக்கு முன்னாலேயே அமைப்பாளர்களிடம் கேட்கலாம். நல்ல அமைப்பாளர்கள் கேட்காமலே நிறுத்துவார்கள்.

போன் விஷயத்தில் விதி கடுமையானது. ஆடும் வளாகத்துக்குள் ஆட்டக்காரர் மேல் அனுமதியில்லாத மின்னணுக் கருவி இருப்பது தெரிந்தால் ஆட்டம் தோல்வி. போட்டி விதிகளில் வேறு தண்டனை குறிப்பிட்டிருந்தால் மட்டும் விலக்கு. அவன் அதைப் பயன்படுத்தினானா என்ற கேள்வியே வராது. இதில் மாட்டுவது பெரும்பாலும் அப்பாவிகள்தான். 'மேட்ச் முடிஞ்சதும் கூப்பிடு கண்ணு' என்று பாக்கெட்டில் போன் வைத்தனுப்பும் பாட்டி, பிறந்தநாளுக்கு வாங்கிய ஸ்மார்ட் வாட்ச். உங்கள் மகளின் கையையும் பையையும் வாசலிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குல்லாவுக்கு வருகிறேன். இந்தியாவில் இதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. 2006இல் டெல்லியில் நடந்த ஒரு போட்டியில் உமாகாந்த் சர்மா என்ற ஆட்டக்காரரின் தொப்பியில் புளூடூத் கருவி தைத்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். வெளியிலிருந்து கூட்டாளிகள் நகர்த்தல்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அகில இந்திய செஸ் சம்மேளனம் பத்து வருடம் தடை விதித்தது. அதனால் உங்களுக்குத் தோன்றியது பைத்தியக்காரத்தனம் இல்லை. ஆனால் ஏற்காட்டில் குல்லா போட்டவனை எல்லாம் சந்தேகித்தால் ஹாலில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். மே மாதமானாலும் மூடுபனி இறங்கினால் ஸ்வெட்டர், ஷால், குல்லா எல்லாம் வெளியே வந்துவிடும். நான் அங்கே நடுவராக நிற்கும்போது செய்வது எளிமையானது: ரவுண்டு ஆரம்பிக்கும் முன், 'எல்லாரும் காது தெரியுற மாதிரி குல்லாவை ஏத்திக்குங்க' என்று பொதுவாக ஒரு அறிவிப்பு. யாரையும் தனியாகக் குத்திக்காட்டியதாக ஆகாது. காய்ச்சல், காது வலி என்றால் அம்மா வந்து சொல்லட்டும், குல்லாவைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்லலாம். அதற்கு மேல் சந்தேகம் இருந்தால் உடையையும் பையையும் சோதிக்கும் அதிகாரம் நடுவருக்கு உண்டு. ஆனால் தனியிடத்தில், அதே பாலினத்தைச் சேர்ந்த ஒருவர்தான் சோதிக்க வேண்டும். எதிராளியோ எதிராளியின் அம்மாவோ அந்தக் குல்லாவைத் தொடவே கூடாது.

ஜன்னல் அப்பா விஷயத்தை நான் குல்லாவைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்வேன். பிள்ளைகளுக்கு ஜாடை காட்டக் கருவி வேண்டியதில்லை, இருமல் போதும். பெரியவர்கள் போட்டியிலேயே நடந்திருக்கிறது. நாட்டு அணிகள் மோதும் 2010 செஸ் ஒலிம்பியாடில் பிரான்ஸ் அணியில், ஊரிலிருந்து ஒருவர் கம்ப்யூட்டரில் பார்த்து எஸ்.எம்.எஸ். அனுப்ப, அணியின் பயிற்சியாளர் ஹாலில் எந்த மேஜைக்குப் பின்னால் போய் நிற்கிறார் என்பதே எந்தக் கட்டம் என்பதற்குச் சங்கேதமாக இருந்தது. ஃபெல்லர் என்ற ஆட்டக்காரரும் அந்தப் பயிற்சியாளரும் இன்னொருவரும் தண்டிக்கப்பட்டார்கள். நம் பள்ளிக்கூட ஹாலில் அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. ராணி ஆபத்தில் இருக்கும்போது அப்பா கழுத்தைத் தடவினால் பையன் ராணியைப் பார்ப்பான்.

அந்த அப்பாவிடம் நீங்கள் நேராகப் போகாதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் மண்டப வாசலில் இரண்டு அப்பாக்கள் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன், உள்ளே இரண்டு பிள்ளைகளும் ஆட்டத்தை விட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தார்கள். விதி இதில் தெளிவு: முறைகேட்டைப் பார்த்தவர் நடுவரிடம் மட்டும்தான் சொல்லலாம். ஆடுபவரிடம் சொன்னால் சொன்னவரையே வெளியேற்றலாம். தலைமை நடுவரிடம் போய், 'சார், பன்னிரண்டாவது போர்டுக்கு நேரா ஜன்னல் திறந்திருக்கு, ஒருத்தர் அங்கயே நிக்கிறார், சாத்திடுங்க' என்று சொல்லுங்கள். ஜாடை காட்டினார் என்று நிரூபிக்க வேண்டியதே இல்லை. ஜன்னலைச் சாத்தினால் விஷயம் முடிந்தது. நீங்களும் அதே போலத் தள்ளி நில்லுங்கள், நம் ஜன்னல் மட்டும் புனிதமானது என்று ஒன்றும் கிடையாது.

'அவன் அவ்வளவு நன்றாக ஆடியதே சந்தேகமாக இருந்தது' என்றும் எழுதியிருந்தீர்கள். இதை மட்டும் வைத்துப் புகார் கொடுக்கவே கூடாது. ரேட்டிங் (போட்டி முடிவுகளை வைத்துப் போடும் பலப் புள்ளி) இல்லாத பையன் என்பதால் ஆடத் தெரியாதவன் என்று அர்த்தமில்லை. சேலத்தின் குகை, செவ்வாய்ப்பேட்டைப் பகுதிகளில் வீட்டில் உட்கார்ந்து தினமும் ஆன்லைனில் இருபது ஆட்டம் ஆடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், போட்டிக்கு வருவது வருடத்தில் இரண்டு தடவை. அவர்களுடைய பலம் ரேட்டிங் பட்டியலில் தெரியாது. ரேட்டிங்கே தாழ்ந்து கிடக்கிறது என்றுதான் 2024 மார்ச்சில் ஃபிடே 2000க்குக் கீழே இருந்த எல்லாருக்கும் ஒரே தடவையில் உயர்த்திக் கொடுத்து, குறைந்தபட்ச ரேட்டிங்கை 1400 ஆக்கியது. பஃபலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கென் ரீகன், நகர்த்தல்களைக் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டு, அந்த ரேட்டிங்குக்கு இது சாத்தியமா என்று கணக்குப் போடும் முறையை உருவாக்கியவர், ஃபிடே அதைப் பயன்படுத்துகிறது. அந்தக் கணக்குக்கும் நிறைய ஆட்டங்கள் வேண்டும். முப்பது நகர்த்தலில் முடிந்த ஒரு ரேப்பிட் ஆட்டம், அதுவும் நினைவிலிருந்து எழுதியது, ஒன்றையும் நிரூபிக்காது. எதிராளி வலுவிழந்து ஆடும்போது நல்ல நகர்த்தல் கண்டுபிடிப்பது யாருக்குமே சுலபம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொய்க் குற்றச்சாட்டுக்கும் விலை உண்டு. ரேட்டிங் போட்டிகளில் ஏமாற்றுப் புகாரை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அடிப்படையே இல்லாத புகார் என்று தெரிந்தால் புகார் கொடுத்தவர் மேலேயே நடவடிக்கை வரலாம். 2022இல் அமெரிக்காவின் இளம் ஆட்டக்காரர் நீமனிடம் தோற்றபின், அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சன், எதிராளி ஏமாற்றினார் என்ற சந்தேகத்தில் போட்டியிலிருந்தே விலகினார், உலகமே பேசியது. விசாரித்த ஃபிடே, சரியான காரணம் இல்லாமல் விலகியதற்காக 2023 டிசம்பரில் அவருக்கு 10,000 யூரோ அபராதம் போட்டது. சந்தேகத்தின் பேரில் எழுந்து போனதற்கே உலக சாம்பியனாக இருந்தவருக்கு அப்படி என்றால், வாட்ஸ்அப் குழுவில் ஒரு பத்து வயதுப் பையனின் பெயரைப் போட்டு 'சீட்டர்' என்று எழுதுவதற்கு முன் பத்து தடவை யோசியுங்கள். அவன் நாளைக்கும் அதே ஹாலில் உங்கள் மகளுக்கு எதிரே உட்காருவான்.

என்னைக் கேட்டால், மாவட்டப் போட்டிகளில் இதையெல்லாம்விட அசிங்கமானது கடைசி ரவுண்டுதான். ஒரே அகாடமிப் பிள்ளைகள் இருவர் எதிரெதிரே வருவார்கள். ஒருவனுக்கு அரை பாயின்ட் கிடைத்தால் கோப்பை, இன்னொருவனுக்கு ஒன்றுமில்லை. எட்டே நகர்த்தலில் டிரா, அல்லது மேலே இருந்தவன் திடீரென ராணியை விட்டுக்கொடுப்பான். சொல்லிவைத்தது யார்? பிள்ளைகளா? கோச்சோ அப்பாவோதான். நடுவரால் பிடிப்பது கஷ்டம். இத்தனை நகர்த்தலுக்கு முன் டிரா கூடாது என்று போட்டி விதியில் எழுதிவைத்தால் கொஞ்சம் குறையும். உங்கள் மகளின் கோச் இப்படி ஒன்றைக் கேட்டால், அன்றைக்கே கோச்சை மாற்றுங்கள். அவளைப் பதிலுக்கு ஏமாற்றப் பழக்கலாமா என்று கேட்கும் பெற்றோரும் இருக்கிறார்கள், நீங்கள் கேட்கவில்லை, நன்றி.

நடுவரின் முடிவே தவறு என்று பட்டால் அப்பீல் இருக்கிறது. ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்ட பிறகும் செய்யலாம். ஆனால் எவ்வளவு நேரத்துக்குள், எவ்வளவு பணம் கட்டி, யாரிடம் என்பது போட்டி அறிவிப்பிலேயே இருக்கும். எழுத்தில் கொடுக்க வேண்டும், அடுத்த ரவுண்டு தொடங்குவதற்குள் கொடுத்தால்தான் பயன். அறிவிப்பில் தலைமை நடுவர் பெயரும் அப்பீல் குழுவும் இல்லாத போட்டி என்றால், அது விளையாட்டாகப் போய்வர நல்ல இடம், நியாயம் கேட்க நல்ல இடம் இல்லை. ஏற்காட்டுப் போட்டிக்குச் சுற்றிப் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று போவது தப்பில்லை, அந்தக் கணக்கில் போனால் மனசும் அலுக்காது.

போட்டிக்கு அனுப்புவதை நிறுத்த வேண்டாம். இரண்டு மூன்று ஞாயிறு கீழே, சேலத்திலேயே, பெற்றோரை ஹாலுக்கு வெளியே தள்ளிவைத்து நடத்தும் போட்டிகளுக்குக் கூட்டிப்போங்கள். ஜெயித்தாளா என்று கேட்பதற்கு முன், நடுவரைக் கூப்பிட வேண்டி வந்ததா என்று கேளுங்கள்.

உங்களுக்கே இதில் இவ்வளவு ஆர்வம் இருக்கிறது என்பதால் ஒரு யோசனை. செஸ் சங்கங்கள் நடுவர்களுக்கான பயிற்சி வகுப்பும் தேர்வும் நடத்துகின்றன. பெரிய ஆட்டக்காரராக இருக்க வேண்டியதில்லை, விதிகளைப் படித்தால் போதும். நம் பக்கத்தில் பெண் நடுவர்கள் போதாமல்தான் இருக்கிறார்கள். ஒரு சிறுமியின் ஸ்வெட்டரையோ பையையோ சோதிக்க வேண்டி வரும்போது, ஹாலில் பெண் நடுவர் யாரும் இல்லாமல் அமைப்பாளர் வீட்டு அம்மாவைத் தேடி ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது. அறிவிப்பு வரும்போது மாவட்டச் சங்கத்தில் கேட்டுப் பெயர் கொடுங்கள்.